பரீட்சை நேரத்து மறதி

மனித சரீரத்தின் அமைப்பையும் அதன் இயக்கங்களையும் முதலாண்டிலேயே பயிலுகின்ற செவிலிய மாணவி, அச்சம் தோன்றும்போது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் என்ன செய்கின்றன, நாடி ஏன் விரைகிறது, நாவு ஏன் உலர்கிறது என்பவற்றையெல்லாம் படித்து எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறாள். ஆனால் அதே வினாவுக்கு விடை எழுதப் பேனாவை எடுக்கும் தருணத்தில் தன் உள்ளங்கை வியர்ப்பதும் நெஞ்சு படபடப்பதும் அந்தப் பாடத்தின் பிரத்தியட்ச உதாரணங்களே என்பது அவளுக்குத் தோன்றுவதில்லை. தான் கோழை என்றோ, மந்தபுத்தி உடையவள் என்றோ, இந்தத் தொழிலுக்கே லாயக்கற்றவள் என்றோதான் அவள் முடிவு கட்டிக்கொள்கிறாள். அந்த முடிவு தவறு என்பதையும், பரீட்சை அறையில் படித்தது மறந்துபோவது குணத்தின் குறையன்று, தேகத்தின் ஒரு நியதி என்பதையும், அந்த நியதியை அறிந்து நடந்தால் மறதியைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். (இப்படிப்பில் ஆண்களும் உண்டு, பெரும்பான்மையோர் பெண்களாதலால் மாணவி என்றே எழுதுகிறேன்.)

தஞ்சை மண்ணில் நின்று இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்து, அரசர் பெயரையும் மிராசுதார்கள் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்கும் ராஜா மிராசுதார் மருத்துவமனையும், 1959-ஆம் ஆண்டில் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரியும், பிற்காலத்தில் சுற்றுவட்டாரத்தில் பெருகிய தனியார் நர்சிங் கல்லூரிகளும் காவிரிப் படுகையின் கிராமத்துப் பெண்களைச் செவிலியப் படிப்புக்கு இழுத்து வந்திருக்கின்றன. பாபநாசம், ஒரத்தநாடு, திருவையாறு, நீடாமங்கலம் என்று பல ஊர்களிலிருந்து வரும் இந்தப் பெண்களில் பலர், ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா, திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்ற கவலையோடு ஆண்டுதோறும் வாழும் வீடுகளின் பிள்ளைகள். குறுவை கைகொடுத்தால் கட்டணம் கட்டலாம், பொய்த்தால் நகையை அடகு வைக்கவேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவள் ஒரு பாடத்தில் தவறி ‘அரியர்’ வைத்தால், அது அவளுடைய தோல்வியோடு நிற்பதில்லை. தங்கையை மேலே படிக்க அனுப்புவதா என்ற கேள்வியும் வீட்டில் அன்றே எழுந்துவிடுகிறது. வினாத்தாளோடு இத்தனையும் சேர்ந்து வந்து அவள்முன் அமர்வதால், பட்டணத்து வசதியுள்ள மாணவி அடையும் அச்சத்தைவிட இவளுடைய அச்சம் கனமானது.

பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நான்கு மாணவிகளோடு பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து, 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் பதிவுக்கென்று சட்டம் வந்தது வரையிலும், 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது வரையிலும், தகுதியறிந்தே பதிவு என்ற கொள்கை மெல்ல உறுதிப்பட்டிருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் மாணவி எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு பெறவேண்டும் என்ற விதி நோயாளியின் உயிரைக் காக்கும் விதி. ஆனால் தேர்வு அளக்கவேண்டியது மாணவியின் அறிவை, அவளுடைய அச்சத்தையன்று.

அச்சத்தின் போது உடலில் நிகழ்வது இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதற்கட்டத்தை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் வால்ட்டர் கேனன். 1915-இல் அவர் வெளியிட்ட நூலில், பசி, வலி, பயம், சினம் ஆகியவை விலங்கின் உடலில் விளைக்கும் மாறுதல்களை விவரித்து, பகையை எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது என்று காட்டினார். நரம்பின் கட்டளையால் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி சில விநாடிகளுக்குள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது, இருதயம் விரைகிறது, வயிற்றுக்குச் செல்லும் ரத்தம் குறைந்து தசைகளுக்குச் செல்வது கூடுகிறது, கை நடுங்குகிறது. ஆனால் ரத்தத்தில் அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். வினாத்தாளைக் கண்டவுடன் எழுந்த படபடப்பு, அதற்கு மேலும் மேலும் தீனி போடாமல் விட்டால், தானே தணியும் இயல்புடையது.

இரண்டாம் கட்டமே மறதிக்குக் காரணமானது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது அட்ரினலின் புறப்பகுதியைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது நிதானமாக வருவது. அச்சம் தொடங்கி இருபது, முப்பது நிமிடங்களுக்குப் பிறகே உச்சத்தை அடைகிறது. கற்றதை நினைவுக்குக் கொண்டுவரும் வேலையில் பெரும் பங்கு வகிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள் மிகுதி. சூரிச் நகரில் டொமினிக் டி கெர்வன் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையில், ஆரோக்கியமான மனிதர்களுக்குச் சில சொற்களைக் கற்பித்து, மறுநாள் சோதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு உடலில் கார்ட்டிசாலாக மாறும் கார்ட்டிசோனை 25 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தபோது, அவர்கள் மருந்தற்ற மாத்திரை பெற்றபோதைவிடக் குறைவான சொற்களையே நினைவுகூர்ந்தார்கள். சொற்கள் அழிந்துபோகவில்லை, அவற்றை வெளியே எடுக்கும் சக்தி சிறிது நேரம் தடைப்பட்டிருந்தது. பரீட்சை முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது விடை முழுவதும் வரி பிசகாமல் நினைவுக்கு வருகிறதே என்று மாணவிகள் அழுவதற்கு உரிய விளக்கம் இதுதான்.

இந்தக் கால அளவை மனத்தில் வைத்து, தேர்வு தொடங்குமுன் கல்லூரித் தாழ்வாரத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பத்து மணிக்குத் தேர்வு, ஒன்பதரை மணிக்கு ஒருத்தி ஓடிவந்து, “ஷாக் எத்தனை வகைன்னு படிச்சியாடி? கட்டாயம் அதுதான் வருமாம்” என்கிறாள். படித்தவளுக்கும் திக்கென்கிறது. அந்தத் திடுக்கீட்டில் சுரக்கத் தொடங்கிய கார்ட்டிசால் வினாத்தாள் கைக்கு வரும் வேளையில் உச்சத்தில் நிற்கிறது. கடைசி அரைமணியைத் தனியே, புத்தகமின்றி, வேப்பமரத்தடியில் கழிப்பவள் சோம்பேறி அல்லள், உடலியலை அறிந்தவள்.

மறதி ஒருபுறமிருக்க, கணக்கில் தடுமாறுவதற்கு வேறொரு காரணம் உண்டு. 500 மில்லிலிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் ஏறவேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பது வினா. ஐந்நூற்றை இருபதால் பெருக்கினால் 10,000. எட்டு மணி நேரம் 480 நிமிடம். வகுத்தால் ஏறக்குறைய 21 சொட்டு. வார்டில் இதை நாள்தோறும் செய்பவள் தேர்வில் தவறுகிறாள் என்றால், அப்போதைக்கு வேண்டியவற்றை ஏந்திக்கொள்ளும் ‘செயல் நினைவு’ என்ற மனோசக்தியைத்தான் நோக்கவேண்டும். ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் வகுத்துரைத்த இந்த நினைவு மிகக் குறுகியது. ஒரே சமயத்தில் ஏறத்தாழ நான்கு விஷயங்களுக்குமேல் அதில் தங்குவதில்லை. ‘பெயிலாகிவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது’ என்ற எண்ணம் அங்கே புகுந்தால், 480 என்ற எண் வெளியேறவேண்டியதுதான். தமிழ்வழிப் பள்ளியில் பயின்று வந்தவளுக்கோ சுமை இரட்டிப்பு: ஆங்கிலத்தில் வினாவைப் படித்து, தமிழில் பொருள் கொண்டு, தமிழில் விடை கண்டு, அதை ஆங்கிலத்தில் வாக்கியமாக்குவதற்கே அந்தக் குறுகிய இடத்தில் பாதி போய்விடுகிறது. இவளை அறிவிலே குறைந்தவள் என்று வகுப்பில் பேசுவோர், இரு மடங்கு வேலை செய்யும் மூளையை ஒரு மடங்கு வேலை செய்யும் மூளையோடு ஒப்பிடுகிறார்கள். முதலில் பாடத்தைத் தமிழிலேயே தெளிவாகப் புரிந்துகொண்டு, பிறகு விடைகளை ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுவதும், கணக்கின் ஒவ்வொரு படியையும் மனத்தில் வைக்காமல் தாளின் ஓரத்தில் எழுதிவிடுவதும் இந்தச் சுமையைக் கணிசமாகக் குறைக்கும்.

பரீட்சை அச்சத்தை ஒரு தனி ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்கள் ஜார்ஜ் மாண்ட்லரும் சீமோர் சாரசனும். யேல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் செய்த ஆய்வு 1952-இல் வெளிவந்தது. 1967-இல் லீபர்ட், மாரிஸ் என்ற இருவர் அந்த அச்சத்தை இரண்டாகப் பிரித்தனர்: உடலின் படபடப்பு ஒன்று, மனத்தின் கவலை மற்றொன்று. மதிப்பெண் குறைவோடு நெருங்கிய சம்பந்தமுடையது கவலையே என்பது இவர்கள் காலம் முதல் மீண்டும் மீண்டும் கண்ட உண்மை. நெஞ்சு அடித்துக்கொள்வதால் மட்டும் எவளும் தோற்பதில்லை. ‘ஐயோ, நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, இனி ஒன்றும் வராது’ என்று அதற்குப் பொருள் கற்பித்துக்கொள்வதால்தான் தோற்கிறாள். ஜெரமி ஜேமிசன் என்பவரும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் படபடப்பு தேர்வுக்கு உதவக்கூடியது என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மாணவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றனர். ஒரு சொல்லின் பலன் அது. அந்தச் சொல் பொய்யுமன்று.

ஏனெனில் அச்சம் அறவே இல்லாத இடத்திலும் கல்வி நடப்பதில்லை. 1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனையில், கடினமான வேலையைக் கற்பதற்கு மிக மெல்லிய தூண்டுதலும் பயன்படவில்லை, மிக வலிய தூண்டுதலும் பயன்படவில்லை, நடுத்தரமான தூண்டுதலே சிறந்தது என்று கண்டார்கள். நாற்றங்காலில் நீர் வற்றினால் நாற்று கருகும், மூழ்கினால் அழுகும், காலமறிந்து நீர் கட்டுபவனே நாற்றைக் காப்பாற்றுவான் என்பதை அறிந்த நாட்டுக்கு இந்த உண்மையை விளக்கவேண்டியதில்லை. வேலை எவ்வளவு கடினமோ அவ்வளவுக்குத் தூண்டுதல் மெல்லியதாக இருக்கவேண்டும் என்பது அப்பரிசோதனையின் இரண்டாவது படிப்பினை. பயமுறுத்தினால்தான் பெண்கள் படிப்பார்கள் என்று நம்பும் ஆசிரியர்கள், படுக்கை விரிப்பு மடிப்பது போன்ற எளிய வேலையில் ஒருவேளை பயன் காண்பார்கள். மருந்தின் அளவு கணிக்கும் வேலையில் அவர்களுடைய அதட்டல் நேரான தீங்கையே செய்கிறது.

இனி, பரிகாரங்களுள் தலையாயதற்கு வருகிறேன். பெரும்பாலான மாணவிகள் படிப்பது என்று நினைத்துச் செய்வது திரும்பத் திரும்ப வாசிப்பதும், வண்ணப் பேனாவால் அடிக்கோடு இடுவதும், ரெக்கார்டு நோட்டில் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவதும். இவற்றால் விஷயம் பழக்கப்பட்டதாகத் தோன்றும். அந்தத் தோற்றமே ஏமாற்றுவது. ரோடிகரும் கார்ப்பிக்கும் அமெரிக்காவில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு வேளை படித்தார்கள். மற்றொரு சாரார் ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று வேளை புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நான்கு வேளை படித்தவர்களிடம் 40 விழுக்காடும், நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 61 விழுக்காடும் எஞ்சியிருந்தன. நினைவிலிருந்து எடுக்கும் செயலே நினைவை வலுப்படுத்துகிறது.

நம் விஷயத்துக்கு இதைவிட முக்கியமானது 2016-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தி. அங்கே 120 பேருக்குச் சொற்களையும் படங்களையும் கற்பித்தபோது, பாதிப்பேர் மறுபடி மறுபடி படித்தார்கள், பாதிப்பேர் நினைவிலிருந்து எடுத்துப் பழகினார்கள். மறுநாள் சிலரைப் பிறர் முன்னிலையில் பேசவைத்தும் மனக்கணக்குப் போடவைத்தும் கலவரப்படுத்தி, கார்ட்டிசால் ஏறும் வேளைக்குக் காத்திருந்து சோதித்தார்கள். படித்து மட்டும் வந்தவர்கள் கலவரத்தில் பலவற்றை மறந்தார்கள். நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்களோ கலவரப்பட்டும் மறக்கவில்லை. நான் படித்தவற்றுள் இதைவிட ஆறுதலான ஆராய்ச்சி வேறில்லை. அச்சத்தை ஒழித்த பிறகுதான் தேர்வெழுத முடியும் என்றிருந்தால் பலருக்கு அது ஆகாத காரியம். அச்சம் இருக்கும்போதே தளராத நினைவைப் பெறலாம் என்றால் அது எந்தக் கிராமத்துப் பெண்ணுக்கும் ஆகும் காரியம், காசும் செலவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, நீரிழிவு நோயாளிக்கான கவனிப்பை வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்து, விட்டவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது ஒரு வழி. விடுதித் தாழ்வாரத்தில் மூவர் கூடி, ஒருத்தி எக்ஸ்டர்னல் மேடமாக நாற்காலியில் அமர, மற்றொருத்தி யூனிஃபார்மோடு எதிரே நின்று விடை சொல்ல, மூன்றாமவள் கடிகாரத்தைப் பார்ப்பது மற்றொரு வழி. வார்டில் டியூட்டி முடிந்து திரும்பும் டவுன் பஸ்ஸில், அன்று பார்த்த நோயாளியின் நோய், மருந்து, பக்கவிளைவு, கவனிப்பு என்று மனத்துக்குள் அடுக்கிப் பார்ப்பதும் அதே வகையைச் சேர்ந்ததே. இதை வாரக்கணக்கில், இடைவெளி விட்டுச் செய்யவேண்டும். தேர்வுக்கு முந்திய இரவில் தொடங்கினால் பயனில்லை.

செய்முறைத் தேர்வும் ‘வைவா’ என்ற வாய்மொழித் தேர்வும் எழுத்துத் தேர்வினும் கடுமையானவை என்று மாணவிகள் சொல்வதில் நியாயம் உண்டு. டிக்கர்சன், கெமனி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 208 ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கி 2004-இல் எழுதியபடி, பிறர் தம்மை மதிப்பிடுகிறார்கள் என்ற உணர்வும், நிலைமை தம் கட்டுக்குள் இல்லை என்ற உணர்வும் சேரும் இடத்தில்தான் கார்ட்டிசால் மிகுதியாகச் சுரக்கிறது. வைவாவில் இரண்டும் பூரணமாக இருக்கின்றன. இதற்கு ஒரு மாற்றைக் கண்டவர் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் பேராசிரியர் ரொனால்ட் ஹார்டன். 1975-இல் அவர் வெளியிட்ட ‘ஆஸ்கி’ என்ற முறையில், மாணவர்கள் பல நிலையங்களை வரிசையாகக் கடந்து, ஒவ்வொன்றிலும் வரையறுத்த ஒரு செயலைச் செய்து காட்ட, முன்பே எழுதிவைத்த பட்டியலின்படி மதிப்பெண் இடப்படுகிறது. தேர்வாளரின் மனப்போக்குக்கு அங்கே இடம் குறைவு. எந்த முறையாயினும், எதிரே நிற்பவளிடம் முதல் கேள்வியாக அவள் நிச்சயம் அறிந்த ஒன்றைக் கேட்டு, அவள் குரல் நிலைபெறுவதற்கு ஒரு நிமிடம் விடுவது தேர்வாளர் செய்யக்கூடிய பேருபகாரம். அதனால் தேர்வின் தரம் அணுவளவும் குறையாது.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம், தன் கவலைகளை ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதிவிட்டவர்கள் மேலாகத் தேர்வெழுதினார்கள் என்று சிகாகோவின் ரமீரெஸும் பைலாக்கும் 2011-இல் கண்டார்கள். தாளில் இறங்கிய கவலை செயல் நினைவில் இடம் பிடிப்பதில்லை போலும். துன்பத்தைக் கண்டவாறே எழுதிவைக்கும் வழக்கம் தஞ்சைக்குப் புதிதுமன்று; 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் விவரக் குறிப்புகள், கண்களின் வர்ணச் சித்திரங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயாளியின் கேஸ் ஷீட்டை எழுதக் கற்ற கை தன் மனத்தின் கேஸ் ஷீட்டையும் எழுதக் கூசவேண்டியதில்லை. எழுதியதைக் கிழித்துப் போடலாம், யாருக்கும் காட்டவேண்டாம்.

மூச்சைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னால் போதும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும் சுவாசத்தை ஆறளவுக்குத் தாழ்த்தி, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டினால், வேகஸ் நரம்பின் செயலால் இருதயம் நிதானப்படுகிறது. நாடி பார்க்கத் தெரிந்தவள் தன் மணிக்கட்டிலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். படித்தது மூளையில் நிலைபெறுவது உறக்கத்திலாதலால், இரவு முழுவதும் விழிப்பது அன்று படித்ததைத் தானே கலைத்துக்கொள்வதாகும். கும்பகோணம் டிகிரி காபியின் ருசியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காபியிலுள்ள கஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல் ஆகும், இரவு பத்து மணிக்குக் குடித்ததில் பாதி விடியற்காலை மூன்று மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். மருந்துகளோடு பழகுபவர்களாதலால், படபடப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகளைத் தாமே எடுத்துக்கொள்ளும் ஆசை செவிலிய மாணவிகளுக்கு ஏற்படலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உயிராபத்து. மற்றவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது. வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவு வேண்டாமை, தேர்வை நினைத்தாலே வாந்தி, உயிரையே வெறுக்கும் எண்ணம் ஆகியவை தோன்றினால் அது இந்தக் கட்டுரையில் கூறிய வழிகளால் தீர்வதன்று. சிகிச்சை வேண்டிய நிலை. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைத்துப் பேசலாம். இந்த எண்ணைத் தேர்வு அட்டவணை ஒட்டும் பலகையிலேயே, அட்டவணைக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதிவைக்கும்படி நர்சிங் கல்லூரி முதல்வர்களையும் விடுதிக் காப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.